இந்த ரெக்கார்டைத் துண்டு துண்டாகக் கேட்காதீர்கள்

மூன்று நாளாக வீட்டில் ஒரே ரெக்கார்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 1983இல் லண்டனில் மார்கன் கானின் ஸ்ட்ரீட் சவுண்ட்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனி வெளியிட்ட 'எலக்ட்ரோ 1'. தொகுப்பு ஆல்பம் என்றாலே நாலு ஹிட் பாட்டைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கொடுப்பதுதானே என்று நினைப்பவர்கள் இதை ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும்.

இதில் இருப்பது எலக்ட்ரோ ஃபங்க், அதாவது டிரம் மெஷினும் சிந்தசைசரும் வைத்துச் செய்த ஆட்ட இசை. அது ஆல்பத்துக்காகப் பிறந்த இசையே இல்லை. நியூயார்க்கில் சின்னச் சின்ன கம்பெனிகள் ஒரு பாட்டுக்கு ஒரு ரெக்கார்டு என்று 12 அங்குல சிங்கிளாகப் போடும், கிளப்பில் கொஞ்ச நாள் ஓடும், அதற்குள் அடுத்தது வந்துவிடும். அது கடல் தாண்டி பிரிட்டனுக்கு வரும்போது இறக்குமதி விலை. தெருவில் லினோலியம் விரித்து பிரேக் டான்ஸ் ஆடிய பையன்களுக்கு ஒன்று வாங்கவே கை கடிக்கும். கான் அவற்றின் உரிமையை வாங்கி ஒரே எல்பியில் அடுக்கினார். ஆனால் அது பாதி வேலைதான். மீதியைச் செய்தவர் ஹெர்பி மாஸ்டர்மைண்ட் என்கிற டீஜே. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டின் தாளம் அடியில் நுழைந்துவிடுகிறது, நடுவில் மௌனமே கிடையாது. எனக்கு இந்த ஆல்பத்தின் உயிரே அந்த ஒட்டுவேலையில்தான் இருக்கிறது.

நியூக்ளியஸின் 'ஜாம் ஆன் ரிவெஞ்ச்' பாட்டில் "விக்கி விக்கி" என்று வேகம் கூட்டிய கீச்சுக் குரல்கள் வருமே, டீஜே ரெக்கார்டை முன்னும் பின்னும் தேய்க்கிற சத்தத்தை வாயால் செய்வது அது. அதே தட்டில் சி.ஓ.டி.யின் 'இன் தி பாட்டில்' இருக்கிறது. கில் ஸ்காட் ஹெரான் 1974இல் குடியில் அழிகிறவர்களைப் பற்றிப் பாடிய பாட்டு, இங்கே மெஷின் தாளத்துக்கு மாறியிருக்கிறது. மெஷின் இசையில் உணர்ச்சி இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அப்புறம் அந்த மெஷின். ரோலண்ட் டிஆர்-808 என்கிற டிரம் மெஷின், 1980இல் வந்தது. நிஜ டிரம்மைப் பதிவு செய்து வைத்த ஒலி எதுவும் அதில் கிடையாது, எல்லாமே மின்சுற்று உருவாக்குவதுதான். நிஜ டிரம் மாதிரி இல்லையே என்று பலர் ஒதுக்கினார்கள், 1983இல் தயாரிப்பும் நின்றுபோனது. ஆனால் 1982இலேயே தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரும் கீபோர்டு வாசித்த ஜான் ரோபியும் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி டீஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' பாட்டில், க்ராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் இசைக் குழுவின் மெட்டை இந்த 808 மேல் ஏற்றிவிட்டார்கள். ஜெர்மன்காரர்களின் விறைப்பான தாளம் பிராங்ஸ் பையன்களின் கையில் ஆட்டமாக மாறியது அங்கேதான். 'எலக்ட்ரோ 1' அதற்கு அடுத்த வருடத்து அலை, சூடு ஆறுவதற்குள் பிடித்து வைத்தது.

சரி, கேட்பவர்களுக்கு ஒன்று. போன் ஸ்பீக்கரில் வேண்டாம். 808இன் பேஸ் டிரம் தட்டிய பிறகும் அடியில் உறுமிக்கொண்டே நீளும், போனில் அது "டக்" என்று மட்டும்தான் கேட்கும். நல்ல ஹெட்போனோ பெரிய ஸ்பீக்கரோ எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து, நடுவில் எதையும் தாண்டாமல் கேளுங்கள்.