சார்ஜ் ஆகும், ஆனால் ஆல்டர்னேட்டர் தாங்குமா?

"பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே ஒயரில் லித்தியம் பேட்டரியை மாட்டுங்கள், மோட்டார்ஹோம் ஆல்டர்னேட்டரே சார்ஜ் பண்ணிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மோட்டார்ஹோம் என்றால் தங்கும் வசதியுள்ள வண்டி; ஆல்டர்னேட்டர் என்றால் அதன் இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி. சார்ஜ் ஆகும், மறுக்கவில்லை. எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதைத்தான் விட்டுவிட்டார்.

லெட் ஆசிட் நிரம்ப நிரம்பத் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். இங்கே பேசும் லித்தியம் வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டின் உள்மின்தடை மிகக் குறைவு. ஏறக்குறைய நிரம்பும்வரை கிடைத்ததையெல்லாம் இழுக்கும். வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போதுதான் வினை. ஆல்டர்னேட்டரின் விசிறி அதன் ஷாஃப்டிலேயே இருப்பதால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு தணியாது, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகையான பிஎம்எஸ் பாதியில் திடீரெனத் துண்டித்தாலோ, எகிறும் வோல்டேஜில் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகலாம்.

யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் கதை தலைகீழ். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை 12.5 அளவுக்கு இறக்கிவிடும். லித்தியத்துக்கு வேண்டியதோ 14.2க்கு மேல். நாள் முழுக்க ஓட்டினாலும் நிரம்பாது.

ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையில், கரண்டை அளவோடு இழுத்து வோல்டேஜைத் தேவைக்கு உயர்த்தித் தரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போட்டால் இரண்டு தொல்லையும் தீரும். 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் நீளமான மெல்லிய ஒயர்தான் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. அரைமணி ஓட்டிவிட்டு அந்த ஒயரைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும்.