முதலாவதைப் போல இல்லை என்றால் முடிந்ததா?

சனிக்கிழமை திருகோணமலை உவர்மலையில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த விமர்சனப் பதிவு இன்று காலை வரைக்கும் பகிரப்பட்டுக்கொண்டே இருக்கிறது. என் நட்புப் பட்டியலில் உள்ளவர்களே அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன். நம்மூர்ப் பையன்களின் இரண்டாவது இசைத்தொகுப்பு அன்று மாலை வெளியிடப்பட்டது. அன்றிரவே, மண்டபத்துக் கதிரைகளை அடுக்கி முடிப்பதற்கு முன்னரே, பத்துக்கு மூன்று என்று தீர்ப்பும் வந்துவிட்டது. காரணமாக அதில் நான் காண முடிந்தது ஒரே ஒரு வாக்கியந்தான்: முதலாவதைப் போல இல்லை.

இதைச் சொல்வதற்கு ஒரு விமர்சகர் எதற்கு? முதலாவதைப் போல இல்லை என்பது அந்தப் பையன்களுக்கே தெரியும். தெரிந்துதான் செய்தார்கள். முதல் தொகுப்பிலிருந்த பாடல்கள் ஓட்டோக்களில் ஒலித்தன, மக்கேய்சர் மைதானத்தில் ஆட்ட இடைவேளைகளில் ஒலித்தன, கல்யாண வீடுகளில்கூடப் போட்டார்கள். அதே அளவில், அதே வேகத்தில் இன்னும் ஏழு பாடல்களைத் தைத்துக் கொடுப்பது அவர்களுக்குக் கடினமான காரியம் அன்று. அதை விட்டுவிட்டு, உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்கள் வேலையின்போது பாடும் அம்பாக் குரல்களைப் பதிவுசெய்து, அதிலிருந்து ஒரு பாடலைத் தொடங்கி, பாதிப் பாடல் கடந்த பிறகே ட்ரம்ஸை உள்ளே விட்டிருக்கிறார்கள். அது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கும் அந்தத் தொகுப்பில் எல்லாம் பிடித்துவிடவில்லை. ஐந்தாவது பாடலின் வரிகள் பலவீனமானவை. கடைசிப் பாடலில் குரல் மேல் ஸ்தாயியில் தடுமாறுகிறது. இரண்டையும் நான் அவர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். இப்படி ஏதாவது ஒன்றை, பாடலைச் சுட்டி, இடத்தைச் சுட்டி அவர் எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

முதலாவதைப் போல இருந்திருந்தால் மட்டும் விட்டிருப்பீர்களா? நியூயோர்க்கின் ஸ்ட்ரோக்ஸ் குழு 2001இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. அடுத்ததற்கு, ரேடியோஹெட் குழுவோடு வேலை செய்த நைஜல் கோட்ரிச்சோடு ஒலிப்பதிவைத் தொடங்கி, அது சரிவராமல், முதல் தொகுப்பைத் தயாரித்த கோர்டன் ரஃபேலிடமே திரும்பிப் போனார்கள். 2003இல் ‘ரூம் ஒன் ஃபயர்’ வந்தபோது பலர் சொன்ன குறை என்ன தெரியுமா? முதலாவதைப் போலவே இருக்கிறதாம். போல இருந்தாலும் குற்றம், போல இல்லாவிட்டாலும் குற்றம் என்றால், இரண்டாவது தொகுப்பு என்ற ஒன்றை யாரும் செய்யவே கூடாது என்று நேரடியாகச் சொல்லிவிடலாமே. எல்லோருக்கும் பணம் மிச்சம்.

அமெரிக்க ரொக் குழுவான வீஸர் குழுவின் கதையை என்னுடைய பழைய பதிவுகளைப் படித்தவர்கள் அறிவார்கள். அறிந்தவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1994இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பைக் கார்ஸ் குழுவின் ரிக் ஒகாசெக் தயாரித்தார். எங்கும் ஒரு பிசிறு இல்லாத வேலை. 1996 செப்டம்பரில் வந்த ‘பிங்கர்ட்டன்’ தொகுப்பைக் குழுவே தயாரித்துக்கொண்டது. கிற்றார் கரகரத்தது, பாடியவர் தன் தனிமையையும் வெட்கத்தையும் மறைக்காமல் வெளியே வைத்தார். அந்த ஆண்டின் மிக மோசமான தொகுப்புகளின் வரிசையில் ரோலிங் ஸ்டோன் இசை இதழின் வாசகர்கள் அதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள். அதே ரோலிங் ஸ்டோன் 2004இல் அதே தொகுப்புக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. இடையில் அந்த ஒலிநாடாவில் எவரும் ஒரு சுரத்தையேனும் திருத்தவில்லை.

அந்தத் தொகுப்பை நான் கேட்ட விதத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ரொறன்ரோவிலிருந்த என் மச்சான் அந்தக் கசெற்றை அனுப்பிவைத்தார். ஒருவர் கொழும்பு வரை கொண்டுவந்தார். இன்னொருவர் அங்கிருந்து பஸ்ஸில், கந்தளாய் வீதிச் சோதனைச்சாவடிகளில் பொதியை அவிழ்த்து அவிழ்த்துக் காட்டி, திருகோணமலை வரை கொண்டுவந்து சேர்த்தார். அட்டையில் ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியரின், பனி கொட்டும் இரவுக் காட்சி. நான் அதைப் பிரித்துப் பார்த்தது வேர்த்து ஒழுகும் ஒரு சித்திரை மாதத்தில். வோக்மனின் பற்றரியை வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்து, உட்துறைமுக வீதியோரத்தில் உட்கார்ந்து கேட்டேன். அதற்கு முன்னர் வீஸர் குழுவின் இன்னொரு தொகுப்பு இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. அக்காலத்தில் நமக்குப் பாட்டுகள் வரிசைப்படியா வந்தன? எது வந்து சேர்ந்ததோ அதுதான் முதலாவது. எனக்கு அந்தக் கரகரப்பு குறையாகப் படவில்லை, ஏமாற்றமாகவும் படவில்லை, ஒரு மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதாகவே பட்டது. சமாதான காலத்தில் மச்சான் ஊருக்கு வந்தபோது அந்த முதல் தொகுப்பையும் கொண்டுவந்தார். கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, சற்றுக் கூடுதலாகச் சீவிச் சிங்காரித்திருந்தார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். வந்த வரிசை மாறியதும் தீர்ப்பும் மாறிவிட்டது. முதலாவதைப் போல இல்லை என்று எழுதுபவர் தன் காதுக்கு எது முந்தி வந்தது என்பதை மட்டுமே நமக்குச் சொல்கிறார்.

இசை மாறாமல் மதிப்பெண் மட்டும் மாறிய கதை இன்னொன்றும் உண்டு. நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் இரண்டாவது தொகுப்பு 1998இல் வந்தபோது பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சனத் தளம் அதற்குப் பத்துக்கு 8.7 கொடுத்தது. கெட்ட மதிப்பெண் என்று நான் சொல்ல மாட்டேன். 2005இல் அது மறுவெளியீடு கண்டபோது அதே இடத்தில் 10. எல்லாக் காலத்துக்கும் உரியது போல எழுதப்பட்ட தசமப் புள்ளி ஏழே ஆண்டுகளில் கரைந்துவிட்டது. நம்மூர் விமர்சகருக்கோ ஏழு மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை.

இப்போது வருவார்கள் என்று எனக்குத் தெரியும். கழித்துக் கட்டப்பட்ட இரண்டாவது தொகுப்புகள் எல்லாம் ‘பிங்கர்ட்டன்’ ஆகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது. ஸ்டோன் ரோசஸ் குழு 1989இல் முதல் தொகுப்பை வெளியிட்டு, வழக்கும் இழுபறியுமாக இருந்து, 1994 டிசம்பரில் இரண்டாவதைக் கொண்டுவந்தது; அதில் எனக்கே பாதிதான் பிடிக்கும். இருக்கட்டும். அந்தப் பாதியை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வீஸரின் லொஸ் ஏஞ்சலிஸ் எங்கே, திருகோணமலை எங்கே என்று கேட்பவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இந்த ஒப்பீட்டைத் தொடங்கியது நானா? பத்துக்கு இத்தனை என்று தசமக் கணக்கில் மதிப்பெண் போடும் பழக்கத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டீர்கள். பழக்கம் வரலாம், அதன் வரலாறு மட்டும் வரக்கூடாதோ? அமெரிக்காவில் பத்து விமர்சகர் தள்ளினாலும் பதினோராவது ஆள் எங்கோ இருப்பார். சிறிய வெளியீட்டு நிறுவனங்களும், கல்லூரி வானொலிகளும், அந்தத் தொகுப்பைப் பத்திரமாக வைத்திருந்து தம்பிக்குக் கொடுக்கும் அண்ணன்மாரும் இருந்தார்கள். நியூட்ரல் மில்க் ஹோட்டலின் ஜெஃப் மாங்கம் வளர்ந்ததும் லூசியானாவின் ரஸ்டன் என்னும் சிற்றூரில்தான். ஆனால் அவருக்குப் பின்னால் மேர்ஜ் என்ற சிறு நிறுவனம் ஒன்று நின்றது. இங்கே யார் நிற்கிறார்கள்? பையன்கள் தங்கள் சம்பளத்தைப் போட்டு, ஒருவருடைய வீட்டுப் பின்னறையில் மெத்தைகளைச் சுவரில் சாத்தி ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஒரே ஒரு பதிவு ஒரு தொகுப்பை மூடிவிடும். அதனால்தான் இங்கே எழுதுபவருக்கு அங்கே எழுதுபவரைவிடக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்கிறேன்.

கேட்பவருக்குச் சுதந்திரம் இல்லையா என்றும் கேட்பார்கள். தாராளமாக உண்டு. ஸ்போட்டிஃபையில் முப்பது விநாடி கேட்டாலே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கில் சேரும். அம்பாக் குரல் வரும் பாடலில் முப்பது விநாடிக்குள் கடலிரைச்சல் மட்டுந்தான் இருக்கிறது. அதோடு தள்ளிவிட்டுப் போவது கேட்பவரின் உரிமை. தள்ளிவிட்டுப் போனவர் வந்து மூன்று மதிப்பெண் போடுவதற்கு நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். முகநூலில் எழுத முடியாது.

ஆம், பேஸ் கிற்றார் வாசிப்பவன் என் அக்காவின் மகன். யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நானே சொல்லிவிட்டேன். மருமகனுக்காகத்தான் மாமன் குதிக்கிறான் என்று எழுதுங்கள். முதல் தொகுப்பு வந்தபோதும் அவன் என் மருமகன்தான். அன்று நான் புகழ்ந்து எழுதியதைப் பகிர்ந்தவர்களில் இந்த விமர்சகரும் ஒருவர். அன்று உறவு உறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்திருந்தான். தேநீர் ஆறும்வரை கைத்தொலைபேசியைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, “மாமா, அடுத்ததைப் பழைய மாதிரியே செய்வமோ?” என்று கேட்டான். எனக்கு வீஸர் குழுவின் பாடகர் ரிவர்ஸ் குவோமோதான் நினைவுக்கு வந்தார். அவ்வளவு பேர் காறித் துப்பிய பிறகு அவரும் ‘பிங்கர்ட்டனை’ வெறுத்தார். 2001இல் ஒரு பேட்டியில் தன் தொகுப்பைத் தானே கேவலமாகப் பேசினார். ‘பிங்கர்ட்டன்’ வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே 2001இல் வந்த மூன்றாவது தொகுப்புக்கு மீண்டும் ரிக் ஒகாசெக்கிடமே போனார்கள். மீண்டும் பிசிறில்லாத வேலை. அதைக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். தன்னை அப்படித் திறந்து வைத்த அந்த மனிதர் மட்டும் அதில் இல்லை. இழப்பு யாருக்கு?

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த விமர்சகர் மீதுகூட இவ்வளவு கோபம் இல்லை. சென்னையில் ஒரு படத்தின் முன்னோட்டம் வந்தால் நடு இரவில் விழித்திருந்து பகிர்கிறீர்கள். கொழும்பிலிருந்து யாராவது ஒருவர் இந்தத் தொகுப்பைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுதியிருந்தால், நம்ம பையன்கள் என்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பதாகை கட்டியிருப்பீர்கள். சனிக்கிழமை மண்டபத்தில் வடையும் பற்றீஸும் முடியும்வரை நிறைந்திருந்த கதிரைகள், நான்காவது பாடலுக்கு வரும்போது ஏன் பாதியாகின? சிரிப்புக் குறி போட்ட பெயர்கள் எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டேன். அவர்களில் சிலருடைய பிள்ளைகளின் நடன அரங்கேற்றத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

கருத்துப்பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஏழு பாடல்களையும் முழுதாகக் கேட்டுவிட்டு, எந்தப் பாடலில் எந்த இடம் பிழை என்று எழுதுபவர்களுக்கு, கடுமையாக எழுதினாலும், பதில் தருவேன், பையன்களுக்கும் அனுப்பிவைப்பேன். முதலாவதைப் போல இல்லை என்று எழுதுபவர்களின் கருத்தை மட்டும் நீக்கிவிடுவேன். அந்த ஒன்றை ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார்.