அலெக்சாண்டிரியாவுக்கு அரை நாள் போதாது

அந்தக் காணொளியை நானும் பார்த்துவிட்டேன். நேற்று மாலையிலிருந்து அதை உள்பெட்டியில் அனுப்பி, நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கும் எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத இயலாததால் இங்கேயே எழுதிவிடுகிறேன். யாருடைய காணொளி, எந்தக் காணொளி என்று மறுபடி விளக்கப் போவதில்லை. இந்தப் பக்கத்தைத் தொடர்பவர்களில் பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். கெய்ரோவிலிருந்து காலையில் வண்டி பிடித்து, நண்பகலுக்கு அலெக்சாண்டிரியாவில் இறங்கி, ஒரு கோட்டை, ஒரு தூண், ஒரு நூலகத்தின் வெளிச்சுவர், ஒரு மீன் சாப்பாடு என்று முடித்துக்கொண்டு, பொழுது சாயும் முன் கடற்கரைச் சாலையில் நின்றபடி, "இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, முதன்முறையாக எகிப்துக்கு வருகிறவர்கள் இந்த ஊரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று அந்தத் தமிழ்ப் பயணக் காணொளிக்காரர் சொல்கிறார். லட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தீர்கள் என்று பின்னூட்டத்தில் வரிசையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். காணொளியைவிட அந்த நன்றிகள்தான் என்னை அதிகம் நோகடித்தன.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அலெக்சாண்டிரியா அரை நாளில் பார்க்கும் ஊர் அல்ல. முதல்முறை போகிறவர்கள் குறைந்தது இரண்டு இரவாவது அங்கே தங்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் போகாமலே இருக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அரை நாள் போய்வந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று ஊருக்கே தீர்ப்பு எழுதும் உரிமை யாருக்கும் கிடையாது.

பழங்கால ஏழு அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கமும் இல்லை, பழைய நூலகமும் இல்லை, அப்புறம் எதைப் பார்ப்பது என்பதுதான் அவருடைய வாதம். முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன். கீசாவின் பிரமிடுகள் பாலைவன மேட்டில் கட்டப்பட்டவை. அவற்றின் தலைமேல் யாரும் வீடு கட்டவில்லை. அலெக்சாண்டிரியாவோ கி.மு. 331-இல் அலெக்சாண்டர் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து இன்றுவரை மக்கள் வாழ்ந்துகொண்டே இருக்கும் ஊர். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இன்றைய நகரம், பழைய நகரத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறது. நிலநடுக்கங்களும், கி.பி. 365-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், மெல்ல மெல்லத் தாழ்ந்த நிலமும் சேர்ந்து, அலெக்சாண்டருக்குப் பிறகு எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களின் அரண்மனைப் பகுதியைக் கிழக்குத் துறைமுகத்தின் நீருக்கடியில் கொண்டுபோய்விட்டன. 1990-களில் கடலடி ஆய்வாளர் ஃபிராங்க் கோடியோவின் குழு அதை நீருக்குள் மூழ்கித்தான் வரைபடமாக்கியது. இவ்வளவுக்குப் பிறகு 1882 ஜூலையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நகரத்தின் மீது குண்டு வீசின.

கிளியோபாட்ராவின் ஊசிகள் என்று பெயர் பெற்ற இரண்டு கற்கம்பங்கள் இந்த ஊரின் கடலோரத்தில்தான் நின்றன. ஒன்றை 1877-இல் கப்பலேற்றி, மறு ஆண்டு லண்டனில் தேம்ஸ் கரையில் நட்டார்கள். மற்றொன்று 1881-இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நிறுத்தப்பட்டது. லண்டனுக்குப் போகும் நம்மவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அதை இழந்த ஊருக்குப் போய், இங்கே ஒன்றுமில்லையே என்று அந்த ஊரையே குற்றம் சொல்வது என்ன நியாயம்?

கோட்டையின் வாசலில் நின்று, "கலங்கரை விளக்கம் இருந்த இடமாம், ஆனால் வெறும் கோட்டைதான் இருக்கிறது" என்கிறார். காயித்பே கோட்டை வெறும் கோட்டை இல்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நூறு மீட்டருக்கும் மேல் எழுந்து, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற கலங்கரை விளக்கத்தை 1303-இன் நிலநடுக்கம் உலுக்கிவிட்டது. 1326-இல் மொராக்கோப் பயணி இப்னு பதூதா வந்தபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது; 1349-இல் மீண்டும் வந்தபோது உள்ளே நுழையவே முடியவில்லை. 1477-இல் சுல்தான் காயித்பே அதே இடத்தில், அதன் இடிபாட்டுக் கற்களையும் சேர்த்துக் கோட்டையை எழுப்பத் தொடங்கினார். கடலில் விழுந்த மற்ற கற்களில் பெரும்பாலானவை விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. 1994 முதல் தொல்லியலாளர் ஜான்-இவ் எம்பெரரின் குழு கோட்டையை ஒட்டிய கடலடியில் சிலைகளும் தூண்களுமாக ஆயிரக்கணக்கான கற்களைப் பதிவு செய்திருக்கிறது. காணொளிக்காரர் பின்னணியில் அலை தெரிய நின்று பேசினாரே, அந்த அலைக்கு அடியில்தான் அவர் தேடிய கலங்கரை விளக்கம் கிடக்கிறது.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கோபத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். அம்மா அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஏழு அதிசயங்கள் பாடம் வரும்போது கரும்பலகையில் அந்தக் கலங்கரை விளக்கத்தை வரைந்து காட்டுவார்: கீழ் அடுக்கு சதுரம், நடு அடுக்கு எண்கோணம், மேல் அடுக்கு வட்டம். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு எகிப்துக்குப் போனபோது அவர் கேட்டது, அது நின்ற இடத்தில் சிறிது நேரம் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான். கெய்ரோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் அதே திட்டம். வழியில் ஒரு பாபிரஸ் கடை, ஒரு அத்தர் கடை. அங்கே வாங்கச் சொல்லி வற்புறுத்தியதிலேயே நேரம் கரைந்துபோய், நாங்கள் கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது நுழைவுச்சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை என்றார் குழுவை அழைத்து வந்தவர். அம்மா ஒன்றும் பேசவில்லை. பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து, கோட்டை கண்ணிலிருந்து மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதே "ஒன்றும் இல்லை" என்ற சொல்லைத்தான் நேற்று கைபேசியில் மறுபடி கேட்டேன்.

பிற்பாடு ஒரு குளிர்காலத்தில் குழு எதுவும் வேண்டாம் என்று நாங்களாகவே ரயிலில் போய் அங்கே தங்கினோம். அம்மா கோட்டையின் அறைகளை எல்லாம் நிதானமாகச் சுற்றிவந்து, வாசலில் பதித்திருக்கும் சிவப்புக் கருங்கல் துண்டுகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சுற்றுலா வந்த எகிப்தியப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் சூழ்ந்துகொள்ள, மொழி தெரியாமலே நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் மூன்று அடுக்கையும் வரைந்து காட்டினார். அதற்கு நேரம் வேண்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த நேரத்தைத்தான்.

அவருடைய காணொளியில் கோம் எல் ஷோகாஃபா என்ற பெயர்கூட வரவில்லை. அலெக்சாண்டிரியாவுக்குப் போய் அந்த நிலத்தடிக் கல்லறையைப் பார்க்காமல் வந்தவர் அந்த ஊரைப் பற்றி எப்படிப் பேச முடியும்? 1900-இல் ஒரு கழுதை பள்ளத்தில் விழுந்ததால் வெளிச்சத்துக்கு வந்தது என்று சொல்லப்படும் இடம் அது, ஏறத்தாழ கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்தது. உடல்களைக் கயிற்றில் இறக்குவதற்கான கிணறு போன்ற குழியைச் சுற்றிச் சுற்றிப் படிகள் இறங்குகின்றன. கீழே, இறந்தவரின் உறவினர் வந்து விருந்துண்ட அறை இருக்கிறது. மூன்று பக்கமும் சாய்ந்து படுக்கக் கல் மேடைகள். அதைப் பார்த்ததும் அம்மா, நம் வீட்டில் திதியன்று படையல் போட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவது போலத்தான் என்றார். அதற்கும் கீழே முதன்மைக் கல்லறை. வாசலின் இருபுறமும் தாடி வைத்த இரண்டு பாம்புகள் எகிப்தின் இரட்டை மகுடம் சூடியிருக்கின்றன; அவற்றுக்கு மேலே கேடயத்தில், கிரேக்கக் கதைகளில் வரும் பாம்புக் கூந்தல் மெதூசாவின் முகம். உள்ளே திரும்பிப் பார்த்தால் நாய்முகக் கடவுள் அனூபிஸ், ரோமானியப் போர்வீரனின் மார்புக் கவசம் அணிந்து நிற்கிறார். எகிப்து, கிரேக்கம், ரோம் மூன்றும் ஒரே சுவரில் ஒரே சிற்பியின் உளியில் இப்படிக் கலந்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதைப் பார்க்கக் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். மணியைப் பார்த்துக்கொண்டே பார்க்கும் இடம் அல்ல அது.

நூலகத்துக்கு வருகிறேன். பழையது எரிந்துபோயிற்று, இது புதுக் கட்டடம்தானே என்று காணொளிக்காரர் வெளிச்சுவரோடு திரும்பிவிட்டார். பழைய நூலகம் ஒரே நாளில் ஒரே தீயில் போனது என்பதையே வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. கி.மு. 48-இல் சீசர் மூட்டிய தீயும் அதன் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் நீண்ட புறக்கணிப்பும் அந்தக் கதையில் உண்டு. 2002-இல் திறந்த புதிய நூலகத்தின் சாம்பல் நிறக் கருங்கல் சுவரில் 120 எழுத்துமுறைகளின் எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே படிக்கட்டுகளாக இறங்கும் பதினொரு தளங்களில், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து படிக்கும் ஒரே கூடம். 2011-இன் எகிப்தியக் கிளர்ச்சியின்போது நகரத்து இளைஞர்கள் கைகோத்து நின்று இந்தக் கட்டடத்தைக் காத்தார்கள். உள்ளே நுழையாமல் இதைப் புதுக் கட்டடம் என்று ஒதுக்குவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அவமதிப்பு.

இனி, என்னிடம் வரப்போகும் எதிர்ப்புகள்.

அவர் தம் கருத்தைத்தானே சொன்னார் என்பீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது கருத்து. நீங்கள் யாரும் போகாதீர்கள் என்பது அறிவுரை. அறிவுரை சொல்கிறவர் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் விடுப்பும் பணமும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பல ஆண்டுகள் சேமித்து ஒருமுறை வெளிநாடு போகும் குடும்பங்களை எனக்குத் தெரியும். என் குடும்பமும் அப்படிப்பட்டதுதான். அதனால்தான் சொல்கிறேன். கெய்ரோவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் சாலையிலோ ரயிலிலோ பாதிப் பகல் போய்விடுகிறது. அங்கேயே தங்கினால் அந்தப் பாதிப் பகல் மிச்சம். கடைசி நிலையமான மிஸ்ர் நிலையத்தில் இறங்கினால் கோம் எல் திக்கா நடக்கும் தூரம்; 1960-களில் போலந்து ஆய்வாளர்கள் கண்டெடுத்த ரோமானிய அரங்கமும், பழங்காலத்து மாணவர்கள் பாடம் கேட்ட கல் இருக்கைக் கூடங்களும், பறவைகளைப் பதித்த தரை ஓவியங்களும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ரோமானியப் பேரரசர் டயோக்லீஷியனுக்காக எழுப்பிய தூணும் கோம் எல் ஷோகாஃபாவும் கர்மூஸ் பகுதியில் அருகருகே. கிரேக்க ரோமானிய அருங்காட்சியகம் 2005 முதல் மூடிக்கிடந்து, 2023 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தது. அதற்கே ஒரு காலைப்பொழுது வேண்டும். மாலையில் அன்ஃபூஷிப் பக்கம் நடந்தால் மரப்படகு கட்டும் பட்டறைகளும், மீனை நாமே தேர்ந்தெடுத்து எடை போட்டுச் சுடச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. கடலரிப்பைத் தடுக்கப் போட்ட சிமென்ட் பாளங்களின் மேல் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருட்டும்வரை நடக்கலாம். இதற்கெல்லாம் பெரும்பணம் வேண்டாம். இரவு அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குப்பை, நெரிசல், சத்தம் என்பீர்கள். உண்டு. எந்தப் பழைய துறைமுக நகரத்தில் இல்லை?

எகிப்தியர்களே கவலைப்படாத ஊருக்காக உனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று ஒருவர் கேட்டும் விட்டார். அவர்கள் கவலைப்படவில்லை என்று யார் சொன்னது? வலிப்பதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று பள்ளியில் படித்தோமே, அந்த மிளகு எங்கே போய்ச் சேர்ந்தது? வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் ஒரு பாபிரஸ் ஆவணத்தில், சேரர் துறைமுகமான முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் இருக்கிறது. செங்கடல் கரையிலிருந்து ஒட்டகத்தில் நைல் கரை ஊரான கோப்டோஸ், அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாண்டிரியா, அங்கே கிடங்கில் வைத்து நான்கில் ஒரு பங்கு சுங்கம் என்று அந்தக் கால வழி முழுவதும் அதிலிருந்து தெரிகிறது. ஹெர்மபோலன் என்ற கப்பலின் பெயரும் அதிலேயே உண்டு. நம் மலையில் விளைந்தது எடைபோடப்பட்டுக் கைமாறிய ஊர் அது. ஒரு தமிழர், தமிழில், தமிழர்களைப் பார்த்து அந்த ஊரில் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது எனக்கு வலிக்கத்தான் செய்யும்.

அவரை யாரும் திட்ட வேண்டாம். என் பின்னூட்டத்தில் அதை அனுமதிக்க மாட்டேன். அவருடைய மற்ற காணொளிகளை விரும்பிப் பார்க்கிறவர்களில் நானும் உண்டு. ஆனால் அடுத்த பயணம் துனீசியாவின் கார்த்தேஜ் என்று அவர் அறிவித்திருக்கிறார், அதனால் அவருக்கே நேரடியாக ஒரு வேண்டுகோள். கி.மு. 146-இல் ரோமானியர்கள் அழித்த ஊர் அது. அங்கேயும் நிமிர்ந்து நிற்பவை குறைவு. பிர்சா குன்றின் மேல் ஏறி நின்றால் கீழே கடலோரம் வட்டமாக ஒரு நீர்நிலையும் அதன் நடுவே ஒரு திட்டும் தெரியும். கார்த்தேஜின் போர்க்கப்பல்கள் நின்ற துறைமுகம் அதுதான். தயவுசெய்து கீழே இறங்கிப்போய் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, இரவு அந்த ஊரிலேயே தங்கிவிட்டு, அதற்குப் பிறகு கேமராவைத் திறந்து பேசுங்கள்.