வராத வெள்ளத்துக்கு எதற்குப் பணம்?

வெள்ள முகாம் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கச் சொன்ன என்னிடம் சனிக்கிழமை பேரூராட்சிக் கூட்டத்தில் கேட்கப்பட்ட இந்தக் கேள்வியையும், தொடர்ந்து எழுந்த கைதட்டலையும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக அது என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல், 2021 நவம்பரில் வெள்ளம், 2023 டிசம்பரில் மறுபடியும் வெள்ளம். இதற்குப் பிறகும் ‘வராத வெள்ளம்’ என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

நான் கேட்டது பெருந்தொகை அல்ல. அரிசி அரசிடமிருந்து வரும். உதவித்தொகையை மாநில அரசு அறிவிக்கும். ஆனால் அந்த அரிசியைக் கிடங்கிலிருந்து முகாமுக்குக் கொண்டுவரும் வண்டி வாடகை, சமைக்கும் எரிவாயு, பட்டியல் எழுதுவோருக்கான கூலி ஆகியவற்றுக்குப் பேரூராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பும் ஒரு சிறு தொகையும் மழைக்கு முன்பே இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

2021இல் பழையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியபோது, அம்மாவைப் பள்ளிக்கூட முகாமுக்கு அழைத்துப் போனேன். மூன்று கிலோமீட்டர் தொலைவில் அரிசி மூட்டைகள் மதியமே தயாராக இருந்தன. வண்டி அனுப்ப எந்தக் கணக்கிலும் பணம் இல்லை என்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எங்கள் தெருவில் குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி ஓட்டும் அண்ணன்தான் சொந்த டீசலில் நான்கு நடை ஓட்டினார். கஞ்சியும் பயறும் கைக்கு வந்தபோது இரவு பத்தரை மணி. நீரிழிவு உள்ள அம்மா அதுவரை பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அண்ணன் கொடுத்த ரசீதுக்கு, ‘தலைப்பு இல்லை’ என்பதே இன்றுவரை பதில். அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அவரைக் காணும்போதெல்லாம் எனக்குத்தான் கூசுகிறது.

பேரிடர் நிதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒன்றிய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் அதில் போடுகின்றன. அது படிப்படியாக இறங்கி எங்கள் முகாமுக்கு வருவதற்குள் முதல் இரவு கழிந்துவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 41ஆவது பிரிவில், நிவாரணப் பணியை உள்ளாட்சியின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. கடமைக்குப் பணம் ஒதுக்கச் சொன்னது குற்றமா? ஒதுக்கினால் தின்றுவிடுவார்கள் என்கிறார்கள். தலைப்பு இருந்தால்தானே தணிக்கையில் கேள்வி கேட்க முடியும்? வருவாய் சம்பளத்துக்கே போதவில்லை என்பது மட்டும் நியாயமான பேச்சு. ஆனாலும் ஒரு வண்டி வாடகைகூடவா இல்லை?

‘விளம்பரத்துக்குப் பேசுகிறாள்’ என்று எழுதியவருக்கும் சொல்கிறேன். ஒக்கியில் காணாமல் போன மீனவர்களின் பெயர்களைக் கடலோரத் தேவாலயப் பங்குகள் வீடு வீடாகக் கேட்டு எழுதின. அவர்களைத் தேடச் சொல்லி அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்த மக்கள் விளம்பரத்துக்கா உட்கார்ந்தார்கள்? கேட்பவரை இழிவுபடுத்தும் பழக்கம் அன்றும் இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அந்த ரசீதின் நகலோடு போவேன். சனிக்கிழமை கைதட்டியவர்களுள் மூவர், 2021இல் அந்த முகாம் இரவில் கஞ்சிக்காக எங்களோடு வரிசையில் நின்றவர்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதமாட்டேன்.