கைபேசியை மட்டும் குற்றவாளியாக்காதீர்கள்

சமூக ஊடகத்தை விட்டு விலகினால் அரசியல் தரும் மன உளைச்சல் தீர்ந்துவிடும் என்று ஒரு கட்டுரை படித்தேன்; இது அதற்கு என் பதில். அரை உண்மை. 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன், ஆய்வாளர்கள் சிலரை 4 வாரம் ஃபேஸ்புக்கிலிருந்து விலகியிருக்கச் செய்தார்கள். மனநிறைவு கூடியது, ஆனால் சற்றுத்தான். கொள்கைப் பிளவு குறைந்தது, கூடவே நாட்டுநடப்பு அறிவும் குறைந்தது! கட்டுரையாளரே, இந்தக் கடைசிச் செய்தியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

இந்த அணிப்பற்று நோய் ஃபேஸ்புக்கைவிடப் பழையது. உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970-ல் வெளியிட்ட சோதனையில், திரையில் தெரிந்த புள்ளிகளைக் கூடுதலாக மதிப்பிட்டவர், குறைவாக மதிப்பிட்டவர் என்று சிறுவர்களைப் பேருக்குப் பிரித்தார்கள். அவ்வளவுதான், பணத்தைப் பங்கிடச் சொன்னதும் உடனே தன் அணிக்கே அதிகம் கொடுக்கத் தொடங்கினார்கள். புள்ளிக்கே இப்படியென்றால் கட்சிக்கு?

என் கட்சியை யாரேனும் கேலி செய்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. கட்சித் தலைவருக்கு நான் யாரென்றே தெரியாது. ஒரு தேர்தல் சமயத்தில், ஒரு மீமுக்காகப் பள்ளித் தோழனைச் சமூக ஊடகத்தில் தடைசெய்தேன். அந்தத் தேர்தலில் அவனுடைய வேட்பாளரும் தோற்றார், என்னுடையவரும் தோற்றார். தடையை இன்னும் நீக்கவில்லை.