முடவனுக்காகக் காத்திருந்த ஆறு

நேற்று கார்த்திகை ஒன்று. மயிலாடுதுறையில், காவிரியின் துலாக்கட்டத் துறையில் முடவன் முழுக்கு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். வந்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரியில் குளிப்பதற்குத் துலா ஸ்நானம் என்று பேர். சூரியன் துலா ராசிக்குள் நுழையும் வேளையில் குடகில், தலைக்காவேரியில், தீர்த்தம் பொங்குவதைப் பார்க்க ஜனம் திரண்டு நிற்கும். ஸ்ரீரங்கத்தில் மற்ற மாதமெல்லாம் கொள்ளிடத்திலிருந்து வரும் பெருமாளின் திருமஞ்சனத் தீர்த்தம், இந்த ஒரு மாதம் மட்டும் காவிரி அம்மா மண்டபத் துறையிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் போகும். மாயவரம் என்று நாங்கள் சொல்லும் மயிலாடுதுறையிலோ கங்கையே வந்து குளிக்கிறாள் என்பது நம்பிக்கை. ஊரார் பாவத்தையெல்லாம் வாங்கி வாங்கிக் கறுத்துப்போனவள், அதைக் கரைக்க இடம் தேடி இந்தத் துறைக்கு வந்தாளாம்.

மாசக் கடைசி நாள் கடைமுழுக்கு. மாயூரநாதர், வள்ளலார் கோயில் சுவாமி, ஐயாறப்பர், காசி விஸ்வநாதர் எல்லாரும் கரைக்கு எழுந்தருள, சுவாமியின் ஆயுத வடிவான அஸ்திர தேவரை ஆற்றில் முழுக்காட்டித் தீர்த்தவாரி நடக்கும். ஆற்று நடுவே மண்டபத்தில் இருக்கிற நந்தியைச் சுற்றித் தலை தலையாகத்தான் தெரியும்.

அதற்கு மறுநாள் வருவது முடவன் முழுக்கு. கதை சின்னது. கால் ஊனமான ஒருவன் துலா முழுக்குப் போட வேண்டும் என்று எங்கிருந்தோ கிளம்பி வருகிறான். ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து அழுகிறான். ஈசன் சொல்கிறார்: இன்றைக்கு முழுகு, மாதம் முழுக்க முழுகினவனுக்கு என்ன உண்டோ அது உனக்கும் உண்டு. அவ்வளவுதான்.

சின்ன வயதில் அப்பாயி மடியில் கேட்ட கதை. அப்போது அது வெறும் கதை. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்ட பிறகு தோன்றுகிறது, நம் தீர்த்தத் திருவிழாக்களின் உயிர் இந்தக் கதையில்தான் இருக்கிறது.

ஏன் சொல்கிறேன் என்றால், நமக்கு நாள், நட்சத்திரம், முகூர்த்தம் என்றால் ஒரு வெறி வந்துவிட்டது. இந்த நாளில், இந்த நாழிகையில், இந்த இடத்தில் முழுகினால்தான் பலன். தவறினால் போச்சு. 2025 ஜனவரி 29 மௌனி அமாவாசை. பிரயாகைத் திரிவேணியில் விடியற்காலை நெரிசலில் முப்பது பேர் செத்துப்போனதாக அன்று அரசே சொன்னது. இங்கே நமக்கு 1992 கும்பகோணம் மகாமகம் இருக்கிறது. நாற்பது பேருக்கு மேல் குளத்தங்கரையில் போனார்கள். அவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பக்தியோடு போனவர்கள். ஆனால் சாமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நம் ஊர்க் கதையில் சாமி அப்படியா இருக்கிறார்? ஒரு முடவனுக்காக நாளையே தள்ளிவைத்தவர் இல்லையா? 2016 மகாமகத்தில் பத்து நாளில் எந்த நாள் நீராடினாலும் புண்ணியம்தான் என்று எடுத்துச் சொன்னார்கள், நல்லபடியாக நடந்தது. அதைச் சொல்ல ஒரு கோட்பாடு புதிதாகத் தேவைப்படவில்லை. முடவன் முழுக்கு இருக்கிற மண் இது.

தண்ணீரில் முழுகினால் பாவம் போகுமா என்று கேட்கிற நண்பர்கள் இந்தப் பக்கத்திலும் இருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கு முன்பே அப்பர் பெருமான் கேட்டுவிட்டார். எங்கும் ஈசன் இருக்கிறான் என்று எண்ணாதவன் கங்கையில் ஆடி என்ன, காவிரியில் ஆடி என்ன, குமரித்துறையில் ஆடி என்ன என்று. சோழ நாட்டில் ஊர் ஊராக, கரை கரையாக நடந்தவர் கேட்ட கேள்வி அது. அவர் ஆற்றை மறுக்கவில்லை. ஆற்றிலும் ஈசன், கரையில் நிற்கிறவனிடத்திலும் ஈசன், தள்ளுமுள்ளில் காலடியில் விழுகிறவனிடத்திலும் ஈசன் என்று தெரியாமல் முழுகுவதைத்தான் கேட்டார்.

கங்கை கதையையும் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆறு நம் பாவத்தை வாங்கிக்கொள்கிறது என்றால் ஆற்றுக்குப் பாரம் ஏறுகிறது என்று அர்த்தம். அவளுக்கே தாங்கவில்லை, காவிரிக்கு வருகிறாள். சரி, காவிரி எங்கே போவாள்? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பகோணம் போகிறாள், மற்ற எட்டு நதிகளோடு சேர்ந்து மகாமகக் குளத்தில் முழுகுவதற்கு. அங்கே காசி விஸ்வநாதர் கோயிலில் ஒன்பது நதிகளும் கன்னிகளாக நிற்கும் சன்னதி இருக்கிறது. அடுத்த மகாமகம் 2028-ல். அதுவரை அவள் சுமக்க வேண்டும். இப்படி ஒரு கதையைக் கட்டிய முன்னோர்கள், ஆறு களைத்துப்போகும் என்று தெரிந்தவர்கள். நாம்தான் ஆறு எதையும் தாங்கும் என்று நினைத்துவிட்டோம்.

நேற்று இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது என் கணுக்காலில் ஏதோ சுற்றியது. பாம்போ என்று பதறிவிட்டேன். குனிந்து இழுத்தால் புடவை. பாதி சேற்றில் புதைந்த நைலக்ஸ் புடவை, ஓரத்தில் ஜரிகை மாதிரி மினுமினுப்பு. இழுக்க இழுக்க அதோடு ஒரு வேட்டியும் வந்தது. உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் தோஷம் போகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, தாமிரபரணியில் பாபநாசத்திலும் இதே கதைதான். வயிறு எரிந்தது. நம் தோஷத்தைத் துணியாகவே அவள் கழுத்தில் சுற்றிவிட்டு வருகிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள், பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

தண்ணீரும் எல்லா வருஷமும் வந்துவிடுவதில்லை. 2017 செப்டம்பரில் காவிரி மகா புஷ்கர நீராடல் விழாவுக்கென்றே மேட்டூரில் திறந்துவிட வேண்டியிருந்தது. நேற்று நல்ல வரத்து. மழைத் தண்ணீர் கலந்து கலங்கலாக, செம்மண் நிறத்தில், சுழித்துக்கொண்டு போனது. பார்க்கவே கண் நிறைந்தது.

அம்மாவுக்கு மூட்டுவலி. மூன்று வருஷமாகக் கடைமுழுக்குக்கு வர முடியவில்லை. இந்த வருஷம் எனக்கு லீவு கிடைக்கவில்லை, நான் ஊர் வந்து சேர்ந்தபோது கடைமுழுக்கு முடிந்து சுவாமி கோயிலுக்குத் திரும்பியிருந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலை நாலரைக்குத் தானே எழுந்து உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள் கூட்டம் வடிந்திருந்தது. மாலை போட வந்த ஐயப்ப சாமிகள் கறுப்பு வேட்டியில் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படிகள் பாசி பிடித்து வழுக்கின. பிடித்து இறங்க ஒரு கம்பி இல்லை. முடவன் முழுக்கு என்று பெயர் வைத்த நாளில், கால் முடியாதவர்கள் இறங்க ஒரு கைப்பிடி இருக்க வேண்டாமா? நாலாவது படிக்கு மேல் அம்மாவால் முடியவில்லை. அங்கேயே உட்காரவைத்து, சொம்பில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றினேன். ஊற்றும்போதே கேட்டார், "இது முழுக்குல சேருமாடா?"

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, யாரென்றே தெரியாது, எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அவன் மட்டும் நடந்தா வந்தான் ஆச்சி? தவந்துதானே வந்தான்." சொல்லிவிட்டு வந்து அம்மாவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் நான். இரண்டு பேருமாக மெதுவாக இன்னும் இரண்டு படி இறக்கினோம். அம்மாவின் பாதம் ஓடுகிற தண்ணீரில் பட்டது. குனிந்து கையால் அள்ளித் தானே தலையில் தெளித்துக்கொண்டார்.

கிளம்பும்போது ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார், நிரப்பிக் கொடு என்று. எதிர்வீட்டுப் பெரியம்மா பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வீட்டுக்கு வந்து, ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் நேராக அங்கே போய், அந்தக் கலங்கல் தண்ணீரை அவர் நெற்றியிலும் உச்சியிலும் தொட்டு வைத்து, "காவிரி வந்துருக்கா அக்கா, முழுகிக்க" என்றார் அம்மா. பெரியம்மாவுக்குப் பேச்சு வராது. கண்ணை மூடி, வாயை இறுக்கிக்கொண்டார், தண்ணீருக்குள் முழுகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி.