தின்னர் டப்பாவில் ஒரு பொல்லாத சொல்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கதவுகளுக்கு வார்னிஷ் அடிக்கும் வேலை நடந்தது. காலையில் தேநீர் போடுவதற்காக அடுப்பைப் பற்றவைக்கப் போன நான், வார்னிஷை இளக்கக் கலக்கும் தின்னர் திரவத்தின் ஐந்து லிட்டர் டப்பா மூடி திறந்தபடி சமையல் மேடையின்மேல், அடுப்புக்கு இரண்டடி தள்ளி இருப்பதைக் கண்டேன். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. மேஸ்திரியோடு கையாளாக வந்திருந்த பையன்தான் அதை அங்கே வைத்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன்.

"தீப்பிடிக்காதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கே சார்" என்று லேபிளைக் காட்டினான். அதில் சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், 'இன்ஃப்ளேமபிள்' என்று அச்சிட்டிருந்தது. மேஸ்திரி அவனை அடிக்கக் கை ஓங்கினார், நான் தடுத்துவிட்டேன்.

அந்தப் பையன் என்ன தவறு செய்தான்? இன்கரெக்ட், இன்கம்ப்ளீட், இன்விசிபிள் என்று வரிசையாக எழுதிப்போட்டு, முன்னால் 'இன்' வந்தால் 'இல்லை' என்று பொருள் என அவனை மனப்பாடம் செய்யவைத்தது நாம்தான். அந்த விதியை அவன் மறக்காமல் வைத்திருந்தான். விதிக்கு அடங்காத சொற்களும் உண்டு என்று அவனுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. 'ஃப்ளேமபிள்' என்றாலும் தீப்பற்றும், 'இன்ஃப்ளேமபிள்' என்றாலும் தீப்பற்றும். தீமூட்டுதலைக் குறிக்கும் 'இன்ஃப்ளமாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. இதிலுள்ள 'இன்' எதிர்மறை அன்று. உடம்பில் ஏற்படும் வீக்கத்தையும் எரிச்சலையும் மருத்துவர்கள் 'இன்ஃப்ளமேஷன்' என்பதும் அதே வேரிலிருந்துதான். அதைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. நம் சொல்லில் நெருப்பு வெளிப்படையாக நிற்கிறது, ஆங்கிலச் சொல்லிலோ முன்னொட்டு அதை மறைத்துவிடுகிறது. 'இன்வேல்யுவபிள்' என்ற சொல்லை மதிப்பில்லாதது என்று புரிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். விலைமதிப்பற்றது என்பதே அதன் பொருள். ஆனால் அங்கே பிழைபட்டால் ஒரு மதிப்பெண் போகும், இங்கே பிழைபட்டால் உயிரே போகும்.

இந்தக் குழப்பம் புதியதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் ஏமாறக்கூடும் என்பதால், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லைப் பயன்படுத்தும்படி வலியுறுத்தத் தொடங்கியது. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் 1959இல் அதையே பரிந்துரைத்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும், நம் சாலையில் போகும் பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறத்தில் அந்தப் பழைய சொல்லைத்தானே இன்னும் பெரிய எழுத்தில் பார்க்கிறோம்!

தின்னரில் பொதுவாகச் சேரும் டொலுவீன் என்ற கரைப்பான் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளிவிடும். அதில் சேரக்கூடிய இன்னொரு கரைப்பானான அசிட்டோனுக்கு அந்த வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி. நம் ஊரில் மார்கழிக் குளிரில்கூட அந்த டப்பாவைத் திறந்துவைத்தால் ஆபத்துதான். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிவிடும். இப்படிப்பட்ட பொருளின்மீது, படிப்பவருக்கு நேரெதிராகப் பொருள்படக்கூடிய ஒரு சொல்லை எழுதி, 'எச்சரித்துவிட்டோம்' என்று தயாரிப்பாளர் ஒதுங்கிக்கொள்வதை எப்படிச் சகித்துக்கொள்வது? தீச்சுவாலைப் படம் ஒன்றும் டப்பாவில் இருந்தது. நகத்தளவுதான் இருந்தது, அதன்மேலும் கடைக்காரர் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்.

தின்னரைக் கையாளுபவர்கள் பெயின்டர்களும் தச்சர்களும் அவர்களுடைய கையாட்களும்தான். அவர்களுக்கான எச்சரிக்கை அவர்களுடைய மொழியில் இல்லை என்றால் அது யாருக்காக எழுதப்பட்டது? 'எளிதில் தீப்பற்றும்' என்ற இரண்டே சொற்களை அச்சிட அந்த லேபிளில் இடமில்லையா? தங்கள் பிராண்டின் பெயரை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் போட்டிருக்கிறார்களே!

அன்றைக்கே அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு, டப்பாவின் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினேன். புகார் பதிவுசெய்யப்பட்டதாக ஓர் எண் மட்டும் வந்தது. பையன் மார்க்கர் பேனாவை வாங்கி, டப்பாவின் நான்கு பக்கமும் 'தீப்பிடிக்கும்' என்று தன் கையாலேயே எழுதி, அதைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைத்தான். மறுவாரம் மேஸ்திரி வாங்கிவந்த புதிய டப்பாவிலும் அதே சிவப்பு எழுத்துதான் இருந்தது.